விளம்பரம் கேட்கும் தகுதியும் நம் கையில் உள்ள தகுதியும்

நேயர்களுக்கு வணக்கம். பின்னலாடை நிறுவனங்களுக்கு ஆள் தேர்வு செய்து கொடுக்கும் பணியில் இருப்பதால், வேலை தேடும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். விளம்பரத்தில் கேட்டிருக்கும் தகுதி முழுவதும் இல்லாதபோது விண்ணப்பிக்கலாமா, கூடாதா என்பதே அது. இதற்கு விடை சொல்லும் முன், விளம்பரம் கொடுத்தவர் யார், அதில் குறித்த தகுதியைத் தளர்த்தும் உரிமை அவருக்கு உண்டா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அரசுப் பணி என்றால் அந்த உரிமை, விதியிலேயே இடம் விட்டிருந்தாலொழிய, யாருக்கும் கிடையாது. இதன் காரணத்தை 1990இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் மிகத் தெளிவாக விளக்கியிருக்கிறது. ஆந்திரத்தின் விஜயநகரம் மாவட்டத்தில் உறைவிடப் பள்ளி ஆசிரியர் பணிக்கு, முதுகலையில் இரண்டாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும் என்று விளம்பரம் வந்திருந்தது. மூன்றாம் வகுப்பில் தேறிய ஒருவர் விண்ணப்பித்துத் தேர்வும் பெற்றுவிட்டார். பணியில் சேர வந்தபோதுதான் குறை தெரியவந்தது. இது நியமிப்பவருக்கும் நியமிக்கப்பட்டவருக்கும் இடையிலான விவகாரம் மட்டுமல்ல என்றது நீதிமன்றம். அதே அளவு தகுதியோ அதைவிடக் கூடுதலோ உள்ள எத்தனையோ பேர், விளம்பரத்தைப் படித்துவிட்டு, நமக்கு இது பொருந்தாது என்று விண்ணப்பிக்காமல் இருந்திருப்பார்கள். அவர்கள் எல்லோருமே பாதிக்கப்பட்டவர்கள்தாம். தகுதி தளர்த்தப்படலாம் என்று முன்கூட்டியே சொல்லாமல் அப்படி நியமிப்பது பொதுமக்களை ஏமாற்றுவதாகும் என்றும் நீதிமன்றம் கண்டித்தது.

நேர்காணலுக்குள் தங்கள் பட்டத் தேர்வின் முடிவு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் விண்ணப்பிப்பவர்களும் உண்டு. ஜம்மு காஷ்மீர் இளநிலைப் பொறியாளர் நியமனம் தொடர்பான வழக்கில், விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று தகுதி இருந்ததா என்பதையே பார்க்க வேண்டும் என்று 1997இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு கூறிவிட்டது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில் இன்னும் முன்னதாக, அறிவிக்கை வெளியாகும் நாளிலேயே கல்வித் தகுதி கையில் இருக்க வேண்டும். மத்திய அரசின் தேர்வாணையமான யு.பி.எஸ்.சி. நடத்தும் குடிமைப் பணித் தேர்விலோ, இறுதியாண்டு மாணவர்கள் முதல்நிலைத் தேர்வு எழுதலாம் என்று அறிவிக்கையே வழிவிடுகிறது. ஆகவே அறிவிக்கையை முழுவதும் படியுங்கள். பயிற்சி மையத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் சொல்வதை நம்பிக் கட்டணம் கட்டாதீர்கள்.

தனியார் நிறுவன விளம்பரத்தின் தன்மை வேறு. அங்கே தகுதியை நிர்ணயித்தவரே அதைத் தளர்த்தவும் செய்யலாம். திருப்பூரில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டரைத் தொடக்கம் முதல் முடிவு வரை கவனிப்பவர், வேலைக்கு வரும் விளம்பரங்களைப் பார்த்தால், ஃபேஷன் டெக்னாலஜி பட்டம், ஐந்தாண்டு அனுபவம், ஐரோப்பிய பையர்களை (ஆர்டர் கொடுத்து வாங்குபவர்களை) கையாண்ட பழக்கம், நல்ல ஆங்கிலம், காஸ்டிங் (செலவு, விலைக் கணக்கு) அறிவு என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். வேலையை விட்டுப் போனவரிடம் இருந்ததையெல்லாம் நினைவிலிருந்து எழுதிய பட்டியலாகவே அது பல நேரங்களில் இருக்கும்; அவரும் சேர்ந்த நாளில் அத்தனையும் தெரிந்துகொண்டு வந்தவராக இருந்திருக்க மாட்டார்.

அந்தப் பட்டியலில் எது இல்லாவிட்டால் வேலையே நடக்காது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மெர்ச்சண்டைசரின் வேலை, பையர் அனுப்பும் டெக் பேக்கை (ஆடையின் அளவு, துணி, தையல் விவரக் குறிப்பை) படித்துப் புரிந்துகொள்வதில் தொடங்கி, லேப் டிப் (சாயமிட்ட நிற மாதிரி) ஒப்புதல், சாம்பிள், நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு கட்டமும் குறித்த தேதியில் முடிகிறதா என்று விடாமல் பின்தொடர்வது. இதைச் செய்தவருக்குப் பட்டத்தின் பெயர் வேறாக இருந்தாலும் முதலாளி பெரிதாகப் பொருட்படுத்த மாட்டார். பையருக்கு மின்னஞ்சல் எழுதும் அளவுக்கு ஆங்கிலம் இல்லை என்றால், மற்ற எல்லாம் இருந்தும் அந்த இடத்தில் நிற்க முடியாது. கேட்ட அனுபவத்தில் ஓரிரண்டு ஆண்டு குறைவது சரிக்கட்டக்கூடிய குறை. அன்றாட வேலையின் நடுப்பகுதியே தெரியாதது அப்படியல்ல.

விண்ணப்பத்தில் குறையை ஒளிக்கவும் வேண்டாம், அதற்காக மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். எனக்குப் பிடித்த மாதிரி இப்படி இருக்கும்: ‘நான் பி.காம். படித்தவள்; விளம்பரத்தில் கேட்டுள்ள பட்டம் என்னிடம் இல்லை. மூன்று ஆண்டுகளாக உதவி மெர்ச்சண்டைசராக, குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர்களை லேப் டிப் முதல் ஷிப்மென்ட் வரை பின்தொடர்ந்து வருகிறேன். காஸ்டிங்கில் துணிக் கணக்கை நான் போடுவேன். விலையை மேலாளர் முடிவு செய்வார்.’ இந்தக் கடைசி வாக்கியத்தைப் பலர் எழுதத் தயங்குவார்கள். என்னைப் போன்றவர்கள் முதலில் நம்புவதோ அந்த வாக்கியத்தைத்தான். எதுவரை தெரியும் என்று சொல்லத் தெரிந்தவர், தெரியும் என்று சொன்ன மற்றவற்றையும் செய்திருப்பார். ‘காஸ்டிங் தெரியும்’ என்று மொட்டையாக எழுதியவரிடம் நேர்காணலில் ஒரு டி-ஷர்ட்டைக் கையில் கொடுத்து, இந்த ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை) துணியில் ஒரு டஜனுக்கு எத்தனை கிலோ பிடிக்கும் என்று கேட்டாலே விஷயம் வெளியே வந்துவிடும். போலி அனுபவச் சான்றிதழ் கொடுப்பதைப் பற்றி நான் பேசவே போவதில்லை, அது குற்றம்.

தனியார் வேலையிலும் முதலாளி நினைத்தாலும் தளர்த்த முடியாத தகுதிகள் உண்டு. சாயப்பட்டறையில் பாய்லரைக் கவனிப்பவருக்கு, எத்தனை ஆண்டு கைப்பழக்கம் இருந்தாலும், அதற்குரிய தகுதிச் சான்றிதழ் வேண்டும். மருந்துக் கடையில் மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து கொடுப்பவர், 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி பதிவு பெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும். லாரி ஓட்டுவதற்கான உரிமமும் அப்படித்தான். இங்கே தகுதியைக் கேட்பது சட்டம். ‘பார்த்துக்கொள்ளலாம், வந்து சேருங்கள்’ என்று ஒரு முதலாளி சொன்னால், விபத்து நடந்த பிறகு அவர் என்ன சொல்வார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று சம்பளம். தகுதி சற்றுக் குறைவாக இருப்பவரை எடுக்கும்போது, ‘முதலில் குறைவாக வாங்கிக்கொள்ளுங்கள், போகப்போக ஏற்றித் தருகிறோம்’ என்பது வழக்கம். இதில் தவறில்லை. ஆனால் எத்தனை மாதத்தில், எந்த வேலையைத் தனியாகச் செய்து காட்டினால், எவ்வளவு ஏறும் என்பதையும், பதவியின் பெயரையும் பணி ஆணையிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வேலை முழு மெர்ச்சண்டைசருடையதாகவும் பெயர் உதவியாளருடையதாகவும் இருந்தால், அடுத்த நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதே அனுபவக் குறை மறுபடியும் உங்கள் முன் வந்து நிற்கும். எழுதித் தரத் தயங்கினால், பேசியவற்றைச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சலில் எழுதி, சேர்வதற்கு முன்பே அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். வணக்கம்.