டமாஸ்கஸின் உமய்யாப் பெரிய பள்ளிவாசல்

அவையோர்க்கு வணக்கம். சிரியாவின் தலைநகரான டமாஸ்கஸுக்குச் செல்கிறவர்கள் அங்குள்ள உமய்யாப் பெரிய பள்ளிவாசலை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

பண்டைச் சிரியாவில் வாழ்ந்த அராமேயரின் மழைக் கடவுளான ஹதாத்தின் கோயிலாகவும் பின்னர் ரோமரின் ஜூபிடர் கோயிலாகவும் இருந்த அவ்விடம், 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருமுழுக்கு யோவானின் தேவாலயமாயிற்று. நகரம் முஸ்லிம்கள் வசமான பிறகும் ஏறத்தாழ 70 ஆண்டுகள், ஒரே மதிலுக்குள் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆலயத்திலும் முஸ்லிம்கள் கிழக்குப் பகுதியிலும் வழிபட்டு வந்தனர். பிறகு உமய்யா மரபைச் சேர்ந்த இஸ்லாமியப் பேரரசரான கலீஃபா முதலாம் வலீத் அந்த ஆலயத்தை இடித்து, இன்று நாம் காணும் பள்ளிவாசலை எழுப்பினார். பணி 715-இல் நிறைவெய்தியது. நகரின் வேறு தேவாலயங்கள் கிறிஸ்தவர்களுக்கு உறுதி செய்யப்பட்டன என்றாலும், அவர்களுக்கு அது பேரிழப்புதான். அதை மறைத்துவிட்டு ஒற்றுமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது என்பதே என் எண்ணம்.

ஆனால் யோவானின் நினைவு அங்கிருந்து அகற்றப்படவில்லை. தொழுகைக் கூடத்தின் கிழக்குப் பகுதியில், தூண்களுக்கு நடுவே, பச்சைக் கண்ணாடிச் சாளரங்களுடன் ஒரு சலவைக்கல் மண்டபம் நிற்கிறது. யோவானின் தலை அதனுள் அடக்கமாகியிருப்பதாக நம்பிக்கை. கிறிஸ்தவர்கள் யோவான் என்று போற்றுகிறவரையே முஸ்லிம்கள் யஹ்யா நபி என மதிக்கின்றனர். ஆகையால் இரு சமயத்தாரும் அம்மண்டபத்தின் முன் வேண்டி நிற்பதில் வியப்பில்லை. 2001 மே 6 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இங்கு வந்து அந்த மண்டபத்தின் முன் நின்றார். பள்ளிவாசல் ஒன்றினுள் நுழைந்த முதல் திருத்தந்தை அவரே.

தென்கிழக்கு மினாராவுக்கு ஈசா நபியின், அதாவது இயேசுவின், பெயர். இறுதிக் காலத்தில் அவர் அங்கே இறங்குவார் என்பது மக்கள் நம்பிக்கை. இவை எல்லாவற்றையும்விட என்னை ஆழமாகத் தொட்டது தெற்குச் சுவரில், அடைபட்டுப்போன பழைய வாயிலின் மேற்கல்லில் உள்ள கிரேக்க எழுத்துகளே. கிறிஸ்துவின் அரசு எக்காலத்துக்கும் உரியது, அவரது ஆட்சி தலைமுறை தலைமுறையாக நிலைக்கும் என்னும், விவிலியத்தின் சங்கீதப் பாடலைத் தழுவிய வரி அதில் பொறிக்கப்பட்டுள்ளது. பள்ளிவாசலைக் கட்டியவர்கள் அந்தக் கல்லைப் பெயர்க்கவில்லை. பின்வந்த எந்த ஆட்சியும் அதை உளியால் சிதைத்துவிடவில்லை. முற்றத்துச் சுவர்களில் ஆறும் மரங்களும் மாளிகைகளுமாக ஒளிரும் பொற்சில்லு ஓவியங்களைக் கண்ட மகிழ்ச்சியில், இந்தக் கல்லைத் தேடிப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள்.