ஜீனோவைத் தேடி ஸ்ரீரங்கம்

வணக்கம் நண்பர்களே. பின்னால் ராஜகோபுரம் தெரிகிறதா? வெயில் கூசுகிறது, போனைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்கிறேன். சரி, இப்போது பரவாயில்லை.

காலையில் மன்னார்குடியில் பஸ் ஏறி, திருச்சியில் மாறி, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறேன். இன்று கோயில் வ்லாக் இல்லை. ஒரு நாயைத் தேடி வந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கனடா கதை. நான் போனதில்லை, படித்ததுதான். ஆல்பர்ட்டா மாகாணத்தில் வல்கன் என்று ஒரு சின்ன ஊர். ரயில் பாதை போட்ட காலத்தில் ரோமானியரின் நெருப்புக் கடவுள் பெயரை அந்த ஊருக்கு வைத்தார்கள். கோதுமை விளையும் பூமி. அப்புறம் பல வருடம் கழித்து ‘ஸ்டார் ட்ரெக்’ தொடர் வருகிறது. அதில் கூர்க்காது ஸ்பாக் பிறந்த கிரகத்தின் பெயரும் வல்கன். ஊர்க்காரர்கள் விடுவார்களா? 1995-இல் 31 அடி நீளத்துக்கு ஒரு விண்கலம் செய்து ஊர் வாசலில் நிறுத்திவிட்டார்கள். அதன் எண் எஃப்எக்ஸ்6-1995-ஏ. எஃப்எக்ஸ்6 உள்ளூர் விமானத்தளத்தின் குறியீடு, 1995 வருடம், ஏ என்றால் முதல் கலம். 2010-இல் ஸ்பாக்காக நடித்த லியோனார்ட் நிமோயே அங்கே வந்துபோனார். பெயர் ஒத்துப்போன ஒரே காரணத்துக்கு இவ்வளவும்!

நமக்கு அப்படி இல்லை. இங்கே ஆளே இருந்தார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற இந்தத் தீவில்தான் ரங்கராஜன் என்ற பையன் பாட்டி வீட்டில் வளர்ந்தான். பின்னாளில் மனைவி பெயரில் எழுதி சுஜாதா ஆனவர் அவர்தான். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தபோது வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதாவது, அவர் கதை ஒன்றுகூடப் படிக்காதவரும் தேர்தலன்று அவர் வேலையின் மேல் விரல் வைத்திருப்பார்.

நான் தேடி வந்த நாய் ஜீனோ. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வருகிற ரோபோ நாய். புத்தகம் படிக்கும், கிண்டல் பேசும், எஜமானியைவிட விவரமாக யோசிக்கும். எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை. நடப்பதாகச் சொன்ன காலம் 2020-களின் தொடக்கம். அது வந்து, போயும்விட்டது. கதையில் வருகிற மாதிரி, பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதிக் கடிதம் தர வேண்டிய நிலை நல்ல வேளையாக வரவில்லை. பேசுகிற இயந்திரம் மட்டும் சொன்னபடி வந்துவிட்டது. என் போனே அடிக்கடி எனக்குப் புத்தி சொல்கிறது.

சித்திரை வீதிகளைச் சுற்றி வந்தேன். ஒரு ஆட்டோ அண்ணனிடம் “ஜீனோ தெரியுமாண்ணே?” என்று கேட்டேன். “எந்தப் பக்கம் தம்பி, லாட்ஜா?” என்றார். காபிக் கடையில் இருந்த பெரியவர் ஒருவர்தான் சட்டென்று பிடித்துக்கொண்டார். “ரங்கராஜன் நாய்க்குட்டியா?” என்று சிரித்தார். கேமரா வேண்டாம் என்றார், அதனால் எடுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன ஒரு விஷயத்துக்காகத்தான் இங்கே கோபுரத்தடியில் நிற்கிறேன்.

இப்போது 236 அடி உயரம், 13 நிலை. அந்தப் பெரியவர் சின்னப் பையனாக இருந்தபோது இது மொட்டைக் கோபுரம். விஜயநகர அரசர்கள் காலத்தில் அடித்தளத்தோடு நின்றுபோய், ஏறக்குறைய நானூறு வருடம் அப்படியே கிடந்தது. 1987-இல்தான் கட்டி முடித்தார்கள். “எங்களுக்கெல்லாம் மேலே ஆகாசம்தான் தம்பி. மீதிக் கோபுரத்தை அவங்கவங்க மனசுல கட்டிக்க வேண்டியதுதான்” என்றார் பெரியவர். தினமும் பாதிக் கோபுரத்துக்கு அடியில் நடந்து போகிற பையன் 2020-களைக் கற்பனை செய்ததில் என்ன ஆச்சரியம்? இது என் ஊகம்தான், கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.

கோயிலுக்குள்ளும் போனேன். போனை வெளியே கொடுத்துவிட்டதால் வாயால்தான் சொல்ல முடியும். உள்ளே திருக்கொட்டாரம் இருக்கிறது. அந்தக் காலத்து நெற்களஞ்சியங்கள். உருண்டையாக, செங்கல்லில், ஆளைவிடப் பல மடங்கு உயரம். நெல்லு ஊர்க்காரன் எனக்கே முதல் பார்வையில் ஏதோ ராக்கெட் வந்து இறங்கி நிற்கிற மாதிரித்தான் தெரிந்தது. கனடாக்காரர்கள் பார்த்தால் டிக்கெட் போட்டு வசூலித்திருப்பார்கள்.

எனக்குச் சிலைகள் மேல் பெரிய ஆசை கிடையாது. மாலை போடுவார்கள், காக்கா உட்காரும், அவ்வளவுதான். ஆனால் ஜீனோவுக்கு ஒன்று வைத்தால் நான் மறுக்க மாட்டேன். முழங்கால் உயரம் போதும், தெருமுனையில், குழந்தைகள் ஏறி உட்கார்கிற மாதிரி. வயிற்றில் ஒரு எண் பொறிக்க வேண்டும், வல்கன்காரர்கள் செய்தது மாதிரி. ஸ்ரீரங்கத்தின் பின்கோடு இருக்கிறதே, 620006. கூடவே வருடத்தையும் போட்டுவிடலாம்.

ஒன்றாம் நம்பர் வந்துவிட்டது, உட்கார இடமும் இருக்கிறது. ஓடுகிறேன்!