மஸ்டாங் ஜிடி-க்கு எக்ஸாஸ்ட் வாங்கும் முன்: 1,800 ஆர்பிஎம்-ல் என்ன கேட்கிறது?

[காட்சி: நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும் ஃபோர்ட் மஸ்டாங் ஜிடி. சில விநாடிகள் இன்ஜின் சத்தம் மட்டும்.]

வணக்கம். நீங்கள் இதை போனில் பார்த்துக்கொண்டிருந்தால், இப்போது ஓடிய சத்தத்தில் முக்கியமான பகுதி உங்களுக்குக் கேட்டிருக்காது. போன் ஸ்பீக்கர் அவ்வளவு சின்னது. 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வரும் அடித்தொனியை அதனால் சரியாக எழுப்ப முடியாது. ஆனால் எக்ஸாஸ்ட், அதாவது புகைக்குழாய் அமைப்பை, மாற்றியவர்கள் புலம்புவதெல்லாம் அந்த அடித்தொனியைப் பற்றித்தான். அதனால் யூடியூப் கிளிப்பை மட்டும் கேட்டுவிட்டு ஆர்டர் போடாதீர்கள்.

உதாரணத்துக்கு அமெரிக்காவில் ஓடும் மஸ்டாங் ஜிடி-யை எடுத்துக்கொள்வோம். 5.0 லிட்டர் வி-8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின். 2015-ல் 435 குதிரைத்திறன், 2018-ல் 460. இதில் பின்பக்க எக்ஸாஸ்ட் மாற்றினால் பவர் எவ்வளவு கூடும்? பெரிதாக ஒன்றும் கூடாது. கம்பெனி குழாயே புகையை நன்றாக வெளியே தள்ளுகிறது. பவரை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏறும் அந்தச் சின்ன வித்தியாசத்தை ஓட்டும்போது உணர்வது கஷ்டம். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது சத்தத்தை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் தேர்வு சுலபமாகிவிடும்.

[காட்சி: காரின் அடிப்பகுதி வரைபடம். பின்னிருந்து முன்னாக ஒவ்வொரு பகுதியும் ஒளிர்கிறது.]

பின் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சைலன்சர்களையும் முனைகளையும் மட்டும் மாற்றுவது ஆக்சில்-பேக். புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பிறகு உள்ள குழாய் மொத்தத்தையும் மாற்றுவது கேட்-பேக். இன்ஜினிலேயே பொருத்தி, அங்கிருந்து புகையை வாங்கும் குழாய்களான ஹெடர் மூன்றாவது. உண்மையில் பவர் கிடைப்பது ஹெடரில்தான், அதுவும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு ட்யூனும் சேர்த்துச் செய்தால். செலவும் சட்டச் சிக்கலும் கிடைப்பதும் அங்கேதான்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தினமும் ஓட்டும் காருக்கு ஆக்சில்-பேக்கில் தொடங்குங்கள். நடுவில் முழக்கத்தை அடக்க வைத்திருக்கும் ரெசொனேட்டரைத் தொடாதீர்கள்.

ஏன் என்றால், ட்ரோன். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது கேபினுக்குள் நிரம்பி, காதை அடைத்து, தலைவலி கொடுக்கும் அந்த முழக்கம். அது எங்கிருந்து வருகிறது என்று கணக்கே போட்டுவிடலாம். நான்கு ஸ்ட்ரோக் வி-8 இன்ஜின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை வெடிக்கும். 1,800 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 1,800 சுற்று என்றால், விநாடிக்கு 30 சுற்று. நான்கால் பெருக்கினால் 120 ஹெர்ட்ஸ். மஸ்டாங்கை மேல் கியரில் போட்டு நெடுஞ்சாலை வேகத்தில் போனால் இன்ஜின் சுற்றுவது கிட்டத்தட்ட இந்த வட்டாரத்தில்தான். அந்த அதிர்வெண்ணும் கேபினோ குழாயோ இயல்பாக அதிரும் அதிர்வெண்ணும் ஒன்றாகிவிட்டால், அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும்.

[காட்சி: பிரதான குழாயிலிருந்து கிளையாகப் பிரிந்து, முனை மூடப்பட்ட குழாயின் படம்.]

இதற்கு ஒரு அழகான வைத்தியம் உண்டு. பிரதான குழாயின் பக்கத்தில், முனை அடைத்த ஒரு கிளைக்குழாயை வெல்டு செய்வது. சத்தம் அதற்குள் போய், மூடிய முனையில் மோதித் திரும்பி வரும்போது, எதிரே வரும் அலைக்கு நேர் எதிரான நிலையில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதற்குக் கிளையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். சூடான புகைக்குள் ஒலி வெளிக்காற்றில் போவதைவிட வேகமாகப் போகும். 300 டிகிரி செல்சியஸில் விநாடிக்கு சுமார் 480 மீட்டர். 120 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 4 மீட்டர், கால் பங்கு 1 மீட்டர். பின்னால் போகப் போகப் புகை ஆறும், நீளமும் கொஞ்சம் குறையும். கார் ஆர்வலர்கள் ஜே-பைப் என்று சொல்வது இதைத்தான். கோர்சா நிறுவனம் இதே எதிரொலித் தத்துவத்தைச் சைலன்சருக்குள்ளேயே வைத்து விற்கிறது. விலை கொஞ்சம் சுள்ளென்று இருக்கும்.

டாட்ஜ் சேலஞ்சர் வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள 5.7 லிட்டர் ஹெமி வி-8 இன்ஜின், மெதுவாகப் போகும்போது எரிபொருளை மிச்சப்படுத்த நான்கு சிலிண்டரை அணைத்துவிடும். அப்போது வெடிப்பு பாதியாகி, 1,800 ஆர்பிஎம்-ல் 60 ஹெர்ட்ஸ் முழக்கம் வரும். அதை அடக்க கம்பெனி வைத்த ரெசொனேட்டரைக் கழற்றிவிட்டு, ‘கார் ஏன் டிராக்டர் மாதிரி அதிர்கிறது’ என்று கேட்டால் என்ன சொல்வது? மஸ்டாங் 5.0-ல் இந்த ஏற்பாடே இல்லை, அந்தத் தொல்லையும் இல்லை.

[காட்சி: வெட்டித் திறந்த இரண்டு சைலன்சர்கள், பக்கம் பக்கமாக.]

சரி, சைலன்சருக்கு வருவோம். ஃப்ளோமாஸ்டர் நிறுவனம் பெயர் வாங்கியது உள்ளே தடுப்பறைகள் வைத்த வகையில். பழைய மசில் கார்களின் கரகரத்த உறுமல் வேண்டுமென்றால் இது. போர்லாவும் மேக்னாஃப்ளோவும் பெயர் வாங்கியது நேர்வழி வகையில்: துளையிட்ட குழாய், சுற்றிலும் சத்தத்தை உறிஞ்சும் நார். தொனி சுத்தமாக இருக்கும். போர்லா ஒரே காருக்கே டூரிங், எஸ்-டைப், அட்டாக் என்று பல சத்த அளவுகளில் விற்கிறது. அட்டாக் எல்லாவற்றிலும் உரத்தது. அதைக் கேட்டு மயங்குவது எளிது. தினம் ஒரு மணி நேரம் அலுவலகம் போய் வருபவருக்கு எஸ்-டைப்பே போதும், சொல்லப்போனால் டூரிங்கே போதும்.

நடுவில் இரண்டு பக்கக் குழாய்களையும் இணைக்கும் துண்டும் சத்தத்தை மாற்றும். இந்த வகை வி-8-ல் ஒவ்வொரு பக்கத்திலும் வெடிப்புகள் சம இடைவெளியில் வருவதில்லை. அந்தத் தடுமாற்றம்தான் நாம் ரசிக்கும் குடுகுடு சத்தம். ஹெச் வடிவ இணைப்பு அதைப் பெருமளவு அப்படியே விடும். எக்ஸ் வடிவம் இரண்டு பக்கத்தையும் கலந்து, சத்தத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றி மழமழப்பாக்கும். நான் ஹெச் கட்சி.

உலோகம்: 409 ஸ்டெயின்லெஸ் விலை குறைவு, காந்தத்தில் ஒட்டும், மேலே துரு பூக்கும். 304-ல் நிக்கல் உண்டு, சாதாரணமாகக் காந்தம் ஒட்டாது. மிச்சிகன் மாதிரி குளிர்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் இடத்தில் இருந்தால் 304 வாங்குங்கள். கடைக்குப் போகும்போது பாக்கெட்டில் ஒரு காந்தம் இருக்கட்டும்.

இரண்டு உலகமும் வேண்டும் என்பவர்களுக்கு வால்வு வைத்த எக்ஸாஸ்ட். இது புதுச் சரக்கு இல்லை. 1970 பான்டியாக் ஜிடிஓ-வில் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழை இழுத்தால் வேக்குவத்தில் இயங்கும் வால்வு திறந்து சத்தம் கூடும். ஜெனரல் மோட்டார்ஸ் சீக்கிரமே அதை நிறுத்திவிட்டது. ஃபோர்டு 2018 மஸ்டாங் ஜிடி-யில் வால்வு எக்ஸாஸ்ட்டை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. அதன் அமைதி முறையின் கதை சுவாரசியமானது. ஃபோர்டு பொறியாளர் ஒருவர் தன் வீட்டிலிருந்து ஷெல்பி ஜிடி350-ஐ வெளியே எடுக்க, பக்கத்து வீட்டார் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். அதிலிருந்து பிறந்த யோசனை, ஸ்டார்ட் செய்யும்போது வரும் 82 டெசிபல் சத்தத்தை 72 ஆகக் குறைத்தது. 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதிச் சத்தம் போலத் தெரியும். உங்கள் காரில் இந்த வால்வு இருந்தால், அதோடு வேலை செய்யும் கிட் தானா என்று பார்த்து வாங்குங்கள். வால்வு இல்லாத காருக்கான கிட் வேறு.

[காட்சி: கலிஃபோர்னியா நம்பர் பிளேட்.]

சட்டம். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றுவது அமெரிக்கா முழுவதும் தூய காற்றுச் சட்டப்படி குற்றம். ‘பந்தயத்துக்கு மட்டும்’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், அந்தக் காரை ரோட்டில் ஓட்டக் கூடாது என்று அர்த்தம். கலிஃபோர்னியாவில் ஹெடருக்கு மாநில அனுமதி எண் வேண்டும், கன்வர்ட்டருக்குப் பின்னால் வரும் கேட்-பேக்குக்கு அது தேவையில்லை. ஆனால் சத்தத்துக்கு 95 டெசிபல் வரம்பு உண்டு. நியூயார்க் மாநிலம் 2021-ல் கொண்டுவந்த சட்டம் அதிகபட்ச அபராதத்தை 150 டாலரிலிருந்து 1,000 டாலராக்கியது.

வாரன்டி போய்விடும் என்று டீலர் பயமுறுத்தினால், 1975-ம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரன்டி சட்டத்தை நினைவூட்டுங்கள். வெளிப்பாகம் பொருத்தியதற்காக மட்டும் மொத்த வாரன்டியையும் ரத்து செய்ய முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்றால் அந்தப் பழுதுக்கு மட்டும் மறுக்கலாம்.

பொருத்தும்போது, குழாயைத் தாங்கும் ரப்பர் ஹேங்கர்களுக்குச் சோப்புத் தண்ணீர் தடவினால் எளிதாகக் கழலும். சில கிட்களுக்குப் பழைய குழாயை அறுக்க வேண்டியிருக்கும், வழிகாட்டியை முதலில் படியுங்கள். சில நாள் ஓட்டி, குழாய் சூடாகி ஆறிய பிறகு, கிளாம்ப்களை மறுபடி இறுக்குங்கள். கழற்றிய சைலன்சர்களைக் குப்பையில் போடாமல் கராஜில் வையுங்கள். காரை விற்கும் நாளில், வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.