லண்டன் சாக்கடையில் போலியோ

வணக்கம். நோய் வந்தவர் ஆஸ்பத்திரிக்கு வருவார், டாக்டர் பார்ப்பார், பரிசோதனையில் உறுதியானதும் மேலே தகவல் போகும். நோய்க் கண்காணிப்பு என்றதும் நமக்குத் தோன்றுவது இதுதான். போலியோ விஷயத்தில் இதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. வாதம் வருவது சுமார் 200 பேரில் ஒருவருக்கு, போலியோ வைரஸ் வகைகளில் ஒன்றான டைப் 2 என்றால் அதைவிடவும் அபூர்வம். ஒரு குழந்தைக்குக் கால் விளங்காமல் போகிறது என்றால், அதற்குள் வைரஸ் ஊரையே ஒரு சுற்று சுற்றி வந்திருக்கும்.

ஆனால் அது மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். அதனால்தான் சாக்கடையில் தேடுகிறார்கள். கிழக்கு லண்டனில் பெக்டன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சுமார் 40 லட்சம் பேரின் கழிவுநீர் வந்து சேர்கிறது. அங்கே மாதிரி எடுத்துப் போலியோ இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமான வேலை. நோயே இல்லாத நாட்டில் இது எதற்கு என்று கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, அது இருக்கட்டும். இங்கிலாந்தில் 2004 முதல் போலியோவுக்கு ஊசி மட்டும்தான், சொட்டு மருந்து இல்லை. ஆனாலும் வெளிநாட்டில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு வந்தவர்கள் மூலம், அந்த மருந்தில் இருக்கும் வலுவிழந்த வைரஸ் வருடத்துக்கு ஓரிரு முறை சிக்கும், அடுத்த மாதிரியில் காணாமல் போய்விடும்.

2022 பிப்ரவரிக்குப் பிறகு சிக்கியது அப்படிப் போகவில்லை. திரும்பத் திரும்ப வந்தது, வந்தவையும் ஒன்றுக்கொன்று உறவு. வைரஸின் மரபணுவில் வி.பி.1 என்று சுமார் 900 எழுத்து நீளத்தில் ஒரு பகுதி உண்டு. டைப் 2 வைரஸ் என்றால் மூல மருந்து வைரஸிலிருந்து அதில் ஆறு எழுத்தாவது மாறியிருந்தால், மறுபடி வாதம் உண்டாக்கக்கூடிய ஆபத்து வகையில் சேர்த்துவிடுவார்கள். லண்டனில் அந்த அளவும் தாண்டியது. ஜூனில் அறிவிப்பு வந்தது. எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கக் குழாய் வழியே மேலே போய் அங்கங்கே மாதிரி எடுத்தார்கள், யார் வீடு என்பதைச் சாக்கடை சொல்லாதே. ஆகஸ்டில் லண்டனில் 1 முதல் 9 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கூடுதல் ஊசி. வாதம் வந்தவர் அங்கே ஒருவர்கூட இல்லை.

அதே வருடம் நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் பகுதியில் கதை தலைகீழ். தடுப்பூசி போடாத ஓர் இளைஞருக்கு வாதம் வந்த பிறகுதான், கொரோனாவுக்காக எடுத்து வைத்திருந்த கழிவுநீர் மாதிரிகளில் போலியோவைத் தேடினார்கள். மே மாத மாதிரியிலேயே இருந்தது, லண்டன் வைரஸுக்கு உறவாக.