மோச்சி பண்ணப் போய் டாங்கோ ஆன கதை

எல்லாருக்கும் வணக்கங்க. ஜப்பான்ல இருந்தப்ப கத்துக்கிட்டது ஏதாவது ஒண்ணப் பத்தி 15 நிமிஷம் பேசுங்கன்னு வானொலி நிலையத்துல கூப்பிட்டாங்க. புல்லட் ட்ரெயின் பத்தி பேசுவேன்னு எதிர்பாத்திருப்பாங்க போல. நான் மோச்சி பத்தி பேசப் போறேன். ஏன்னா ட்ரெயின்ல டிக்கெட் வாங்கி ஏறி உக்காந்தேன், அவ்வளவுதான், அதுல நான் கத்துக்கிட்டது ஒண்ணும் இல்ல. மோச்சி என்னைய நல்லா படுத்தி எடுத்துச்சு.

மோச்சின்னா அரிசில பண்ற உருண்டை. பிச்சு இழுத்தா அறுந்து போகாம நீளும், கன்னத்த தொடுற மாதிரி மெத்துன்னு இருக்கும். உள்ள இனிப்புப் பூரணம் வெச்சு உருட்டுனா அதுக்கு தைஃபுகுன்னு பேரு. இப்ப எழுதுற எழுத்துக்கு பெரிய அதிர்ஷ்டம்னு அர்த்தம். மொதல்ல பெரிய தொப்பைன்னு அர்த்தம் வர்ற எழுத்துலதான் எழுதுனாங்களாம், அப்புறம் அதே உச்சரிப்புல மங்களகரமா மாத்திக்கிட்டாங்க. எனக்கென்னமோ தொப்பைதான் பொருத்தமா படுது.

நாங்க இருந்தது டோக்கியோல எதோகாவா வார்டு, நிஷி-கசாய். இந்தியாக்காரங்க நிறைய பேர் இருக்குற ஏரியா. என் மனைவிக்கு ஆஃபீஸ் வேலை, நான் வீட்ல உக்காந்து மொழிபெயர்ப்பு பண்ணிட்டு சமையலையும் பாத்துக்குவேன். பக்கத்து வீட்ல ஒரு பாட்டி, ஒபாசான்னு கூப்பிடுவோம், அப்பவே 78 வயசு. அவங்க அடிக்கடி ஏதாவது குடுத்து விடுவாங்க, வாங்கிட்டு வெறுங்கையோட இருக்க முடியுமா, அதனால ஒரு நாள் மோச்சி பண்ணிக் குடுத்து அசத்திரலாம்னு கிளம்பிட்டேன். அரிசி மாவுதானே, கொழுக்கட்டை பண்ணத் தெரிஞ்சவனுக்கு இது என்ன பெரிய விஷயம்னு இந்தியன் கடைல இடியாப்ப மாவு வாங்கி, வெந்நீர் ஊத்திப் பிசைஞ்சு, பூரணம் வெச்சு, இட்லி சட்டில வேக வெச்சு, அழகா டப்பால அடுக்கி எடுத்துட்டுப் போனேன்.

ஒபாசான் ஒரு கடி கடிச்சாங்க. மெதுவா மென்னாங்க. ரொம்ப நல்லா இருக்கு, ஆனா இது மோச்சி இல்ல, டாங்கோன்னாங்க.

அதுல கிண்டலே இல்லங்க, உண்மையத்தான் சொன்னாங்க. நாம தினமும் சாப்பிடுற மாதிரி சாதா அரிசிய அரைச்ச மாவுக்கு அங்க ஜோஷின்கோன்னு பேரு, அதுல உருட்டி வேக வெச்சா டாங்கோ. கடிச்சா டக்குன்னு விட்டுரும், நீளாது. மோச்சிக்கு வேற அரிசி, மோச்சிகோமேன்னு சொல்வாங்க, ஒட்டரிசி. மலேசியா சிங்கப்பூர்ல சொந்தக்காரங்க இருக்குறவங்களுக்கு புளுட் அரிசின்னா சட்டுன்னு புரியும். சாதா அரிசி வேகாதப்பவே கண்ணாடி மாதிரி லேசா வெளிச்சம் விடும், ஒட்டரிசி சுண்ணாம்பு மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கும்.

வித்தியாசம் எங்கன்னா ஸ்டார்ச்ல. அரிசி ஸ்டார்ச்ல ரெண்டு வகை இருக்கு, அமைலோஸ் ஒண்ணு, அமைலோபெக்டின் ஒண்ணு. மொதலாவது கிளை அதிகம் இல்லாத நீளமான சங்கிலி, ரெண்டாவது கிளை கிளையா விரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிறது. சாதா அரிசில அமைலோஸ் 20 சதவீதம் வாக்குல இருக்கும், நம்மூர் பொலபொல அரிசில அதுக்கும் மேல. ஒட்டரிசில அது கிட்டத்தட்ட சுத்தமா கெடையாது, முழுக்க பின்னிக்கிற வகைதான், அந்த இழுவை அங்கருந்துதான் வருது. அதனால இடியாப்ப மாவ எவ்வளவு நேரம் பிசைஞ்சாலும், எந்த யூடியூப் வீடியோ பாத்தாலும் மோச்சி வராது, கை வலிதான் வரும். இன்னொண்ணு, இந்த அரிசிக்கு இங்லீஷ் பேர்ல குளூட்டன் மாதிரி ஒரு சத்தம் வரும், பயப்பட வேணாம், கோதுமைல இருக்குற குளூட்டன் இதுல இல்ல.

ஒட்டரிசி மாவுலயே அங்க ரெண்டு தினுசு. ஷிராதமாகோ அரிசிய தண்ணியோட அரைச்சு, படிய விட்டு, காய வெச்சது, உடைஞ்ச சாக்பீஸ் மாதிரி கட்டி கட்டியா இருக்கும், அதுல பண்ணா வழுவழுன்னு வரும். மோச்சிகோ நைஸ் பவுடரா இருக்கும், கொஞ்சம் விலை கம்மி. நம்ம பக்கம் பெரிய சூப்பர் மார்க்கெட்ல சுலபமா கெடைக்கிறது தாய்லாந்து மாவு, மூணு தலை யானை படம் போட்டிருக்கும். அதுல ஏமாந்துராதீங்க, ஒரே யானைதான், ஆனா செவப்பு எழுத்து பாக்கெட் சாதா அரிசி மாவு, பச்சை எழுத்து பாக்கெட்தான் ஒட்டரிசி மாவு. நான் ஊருக்குத் திரும்புனதுக்கு அப்புறம் ஒரு தடவ அவசரத்துல செவப்ப எடுத்துட்டு வந்து மறுபடியும் டாங்கோ சாப்பிட்டோம்.

சரி, செய்முறைக்கு வருவோம். பேப்பர் பேனா தேடாதீங்க, சின்ன கணக்குதான். ஒட்டரிசி மாவு 100 கிராம், சர்க்கரை 50 கிராம், தண்ணி 150 மில்லி. மொதல்ல மாவுல தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா விட்டு கட்டியில்லாம கரைச்சு, அப்புறம் சர்க்கரைய கலக்குங்க, தோசை மாவவிட தண்ணியா இருக்கும், இது எப்படி உருண்டையாகும்னு மனசு கெடந்து அடிச்சுக்கும், விட்டுருங்க. மைக்ரோவேவ் இருந்தா கண்ணாடி கிண்ணத்துல ஊத்தி, லேசா மூடி 2 நிமிஷம் வைங்க, எடுத்து ஈரக் கரண்டியால நல்லா கிளறுங்க, மறுபடி 1 நிமிஷம், மறுபடி கிளறல், தேவைப்பட்டா இன்னொரு அரை நிமிஷம். மைக்ரோவேவ் இல்லையா, இட்லி சட்டில கிண்ணத்த வெச்சு, மூடில இருந்து தண்ணி சொட்டாம துணி கட்டி, ஒரு 20 நிமிஷம் வேக விடுங்க, நடுவுல ஒரு தடவ கிளறணும், சுவைல பெரிய வித்தியாசம் கெடையாது. நிமிஷக் கணக்கவிட நிறத்தப் பாருங்க, பால் வெள்ளைல இருந்து லேசா கண்ணாடி மாதிரி மாறணும், எங்கயாவது வெள்ளைத் திட்டு தெரிஞ்சா அங்க வேகலைன்னு அர்த்தம். அப்புறம் கிளறு கிளறுன்னு கிளறணும், உரல்ல இடிக்கிறதுக்கு பதில்தான் இந்தக் கிளறல், இதுல சோம்பேறித்தனம் பண்ணா இழுவை வராது.

வெந்தத அப்படியே கையால எடுத்தீங்கன்னா முடிஞ்சது கதை, விரல் விரலா ஒட்டிக்கிட்டு கழுவக் கழுவ வழுக்கிக்கிட்டே இருக்கும். தட்டு நிறைய கத்தாகுரிகோ தூவிக்கணும், பேரப் பாத்து பயப்படாதீங்க, உருளைக்கிழங்கு மாவுதான். நான் சோளமாவ வெறும் வாணலில லேசா சூடு பண்ணி உபயோகிக்கிறேன், வேலை நடக்குது. அதுல கொட்டி, 8 பங்கா பிரிச்சு, சூடு இருக்கும்போதே ஓரத்த மெல்லிசா நடுவ கொஞ்சம் தடிமனா தட்டி, நெல்லிக்கா அளவு பூரணம் வெச்சு இழுத்து மூடணும். மோதகம் மூடிப் பழகுன கைக்கு இது ரொம்ப லேசு, இங்க மடிப்பு எல்லாம் கூட வேண்டாம், கிள்ளி விட்டா அதுவே ஒட்டிக்கும்.

பூரணம் அசுகின்னு ஒரு சின்ன செவப்புப் பயறுல பண்றது. ஊற வைக்கத் தேவையில்ல, ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணிய கொட்டிரணும், துவர்ப்பு போயிரும், அப்புறம் புதுத் தண்ணில விரலால நசுக்குனா மாவா நசுங்குற வரைக்கும் வேக விடணும். சர்க்கரைய அதுக்கு அப்புறம்தான் போடணும், முன்னாடியே போட்டா பயறு விறைச்சுக்கும். 100 கிராம் பயறுக்கு 80, 90 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. தோலோட இருந்தா த்சுபுஆன், வடிகட்டி வழுவழுன்னு எடுத்தா கோஷிஆன், இதுல எது உசத்தின்னு அவங்க வீட்டுக்குள்ள பெரிய சண்டையே நடக்கும். இங்க அசுகி கெடைக்கலைன்னா செவப்பு காராமணி போடுங்க. இது என் சொந்த சமாளிப்பு இல்லங்க, அங்கயே காராமணி உண்டு, சாசாகேன்னு பேரு. விசேஷத்துக்குப் பண்ற செவப்புச் சோத்துல டோக்கியோ பக்கம் அசுகிக்கு பதிலா அதத்தான் போடுவாங்க. காரணம் என்னன்னா அசுகி வேகும்போது தோல் வயித்துல வெடிக்கும், அதப் பாத்தா வயித்தக் கிழிச்சுக்குற மாதிரி இருக்குன்னு சாமுராய்ங்க ஆகாதுன்னு சொல்லிட்டாங்களாம். வாள் வெச்சிருக்கவன் சொன்னா சமையக்காரன் கேக்கத்தானே வேணும்.

இவ்வளவும் சீக்கிர வழி. நெஜமான மோச்சி இடிக்கிறது டிசம்பர் கடைசில நடக்கும், மோச்சித்சுகின்னு சொல்வாங்க. எங்க தெரு சங்கத்துல வருஷா வருஷம் பண்ணுவாங்க. ராத்திரி முழுக்க ஊறுன அரிசிய மரச் சட்டத்துல ஆவில வேக வெச்சு, சுடச்சுட உசு-ங்குற பெரிய உரல்ல கொட்டி, கினே-ன்னு சுத்தியல் மாதிரி இருக்குற மர உலக்கையால அடிக்கிறது. எடுத்ததும் ஓங்கி அடிக்கக் கூடாது, சோறு தெறிச்சிரும், மொதல்ல உடம்பு பாரத்தப் போட்டு நசுக்கணும், அப்புறம்தான் அடி. ஒருத்தர் அடிக்க, இன்னொருத்தர் கைய நனைச்சு ரெண்டு அடிக்கு நடுவுல மடிச்சு விடணும். மடிக்கிறவங்க கைதான் ஆபத்துல இருக்கு, ஆனா எல்லாரும் அடிக்கிறவனுக்குத்தான் கை தட்டுவாங்க. எங்க தெருவுல மடிச்சது எங்க ஒபாசான், அடிச்சது நான், அவங்க கை மேல போட்டுருவேனோன்னு பயந்து பயந்து நான் அடிச்ச அடில பாதி உரல் விளிம்புலதான் விழுந்துச்சு. நாரா ஊர்ல நாகதானிதோன்னு ஒரு கடை இருக்கு, அங்க கண்ணுக்குத் தெரியாத வேகத்துல இடிப்பாங்க, கடை வாசல்ல கூட்டம் நிக்கும், அதப் பாத்துட்டு நாமளும் பண்ணலாம்னு மட்டும் நெனைச்சிராதீங்க.

28ஆம் தேதி இடிச்சா நல்லதும்பாங்க, 29 ஆகாதும்பாங்க, ஒம்போதுக்கான குங்குற சத்தம் கஷ்டம்ங்குற சொல்லுக்கும் வருது, அதான். அன்னைக்கு இடிச்சதுல ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு உருண்டை வெச்சு, உச்சில ஒரு ஆரஞ்சு மாதிரி பழம் வெச்சு சாமிக்குப் படைச்சுட்டு, டோக்கியோ பக்கம் ஜனவரி 11 வாக்குல எடுத்து உடைப்பாங்க. அதுக்குள்ள கல்லா ஆயிருக்கும். கத்தி வைக்கக் கூடாது, சுத்தியலாலதான் உடைக்கணும்.

உரல்னதும் ஒரு விஷயம். நமக்கு நிலாவுல பாட்டி வடை சுடுறாங்க, இல்லையா? அவங்களுக்கு நிலாவுல முயல் மோச்சி இடிக்குது. பௌர்ணமிக்கே மோச்சிசுகின்னு பேரு, சொல்லுக்குள்ளயே மோச்சி சத்தம் கேக்குது பாருங்க. ஆனா அந்த முயல் இங்கருந்து போனது. பசின்னு வந்தவருக்கு தன்னையே நெருப்புல போட்டுக்கிட்ட முயல் கதை புத்த ஜாதகக் கதைகள்ல இருக்கு, சந்திரனுக்கு சசாங்கன்னு நாம சொல்ற பேருக்கே முயல் அடையாளம் உள்ளவன்னுதான் அர்த்தம். முயல் இங்கருந்து போச்சு, உலக்கைய அந்தப் பக்கம் போய்த்தான் பிடிச்சிருக்கு.

இப்ப முக்கியமான சேதி, பண்ணத ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க. எல்லாத்தையும் ஃபிரிட்ஜ்ல தள்றது நம்ம பழக்கம், மோச்சிக்கு அதுதான் எமன். வெந்த ஸ்டார்ச் ஆறும்போது மறுபடி இறுகி அடுக்கிக்கும், ஃபிரிட்ஜ் இருக்குற அந்த 4, 5 டிகிரிலதான் அது ரொம்ப வேகமா நடக்கும். வெளில வெச்சு அன்னைக்கே சாப்பிட்டுருங்க. மீந்தா ஒவ்வொண்ணா சுத்தி ஃப்ரீசர்ல போட்டுருங்க, வேணும்போது எடுத்து வெளில வெச்சா மெத்துன்னு வந்துரும். நாம சர்க்கரை போட்டு வேக வெக்கிறோமே, அது இனிப்புக்கு மட்டும் இல்ல, தண்ணியப் பிடிச்சு வெச்சு இறுகுறத தள்ளிப் போடுது. உடம்புக்கு நல்லதுன்னு சர்க்கரைய பாதியா குறைச்சா சாயங்காலத்துக்குள்ள செருப்பு மாதிரி ஆயிரும், சொல்லிட்டேன்.

அதவிட முக்கியம், வயசானவங்களுக்கும் சின்னக் குழந்தைங்களுக்கும் முழுசா குடுக்காதீங்க. விளையாட்டுக்கு சொல்லல. ஒவ்வொரு புது வருஷத்துக்கும் தொண்டைல மோச்சி அடைச்சு ஜப்பான்ல ஆளுங்க செத்துப் போறாங்க, அதுல பெரும்பாலும் வயசானவங்கதான், டோக்கியோ தீயணைப்புத் துறை வருஷா வருஷம் எச்சரிக்கை விடுது. சின்னச் சின்னதா வெட்டி, மொதல்ல ஒரு வாய் தண்ணியோ டீயோ குடிச்சுட்டு, பேசாம மென்னு சாப்பிடணும். எங்க ஒபாசான் கத்திரிக்கோலால வெட்டித்தான் சாப்பிடுவாங்க.

மாவு கெடைக்கல, அரிசிதான் கெடைச்சுதுன்னா ஒஹாகி பண்ணுங்க. ஒட்டரிசியோட கொஞ்சம் சாதா அரிசி சேத்து குக்கர்ல வேக வெச்சு, மத்தால பாதி மசிச்சு, உருட்டி, வெளிப்பக்கம் பூரணத்தப் பூசிர வேண்டியதுதான். அந்தப் பாதி மசியலுக்கு ஹான்கோரோஷின்னு பேரு, அப்படியே சொன்னா பாதிக் கொலை. ராத்திரி தங்க வந்த விருந்தாளி, நாளைக்கு இவருக்கு பாதிக் கொலை பண்ணலாமா முழுக் கொலை பண்ணலாமான்னு வீட்டுக்காரங்க பேசுறதக் கேட்டுட்டு நடுங்கிப் போனதா அங்க ஒரு நாட்டுப்புறக் கதையே இருக்கு.

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சிர்றேன். எங்க பொண்ணுக்கு மொத பிறந்தநாள் அங்கதான் வந்துச்சு. அங்க ஒரு வயசுக் குழந்தை முதுகுல மோச்சி கட்டுவாங்க, இஷ்ஷோ-மோச்சி, ஒரு ஷோ அரிசில பண்ணது, ஷோன்னா நம்ம படி மாதிரி அங்க பழைய அளவு, எடை 2 கிலோ பக்கம் வரும். ஒரு ஷோங்குறதும் ஒரு ஆயுசுங்குறதும் ஒரே சத்தம், ஆயுசு முழுக்க சோத்துக்குக் குறை வராதாம். ஒபாசான்தான் மோச்சி கொண்டு வந்தாங்க, நான் துணில கட்டி விட்டேன். எங்க வீட்டு அம்மணி ரெண்டு அடி வெச்சு தொப்புன்னு உக்காந்து ஒரே அழுகை, சுத்தி இருந்த எல்லாரும் கை தட்டுறாங்க. விழுந்தா நல்லதுன்னு சொல்ற வீடும் உண்டு, நடந்தா நல்லதுன்னு சொல்ற வீடும் உண்டு, எப்படியும் கை தட்டிருவாங்க போல. அன்னைக்கு நான் பண்ண தைஃபுகுவும் தட்டுல இருந்துச்சு, ஷிராதமாகோல பண்ணது. ஒபாசான் கத்திரிக்கோல எடுத்து ஒண்ண நாலா வெட்டி, ஒரு துண்டு வாயில போட்டு மென்னு முழுங்கிட்டு, இது மோச்சின்னாங்க. அப்புறம், சர்க்கரை கம்மின்னாங்க.

வணக்கங்க.