விரல் தட்டுகிறது, முன்கை குடைகிறது

நேயர்களுக்கு வணக்கம். கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் கைவலியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் ஒன்று செய்து பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் மட்டும் அப்புறம் செய்துகொள்ளலாம். வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, இடது கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களைத் தட்டச்சு செய்வதுபோல அசையுங்கள். பிடித்த இடத்தில் தசை புரள்கிறதல்லவா? விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள், அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிறுகள், மணிக்கட்டு வழியாக விரலுக்கு ஓடுகின்றன. நாளெல்லாம் தட்டியவர் முன்கை குடைகிறது என்பது இதனால்தான்.

மணிக்கட்டில், உள்ளங்கைப் பக்கம், ஒரு குறுகலான வழி. 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதில் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. உள்ளே வீங்கினால் நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும். சுண்டுவிரல் தப்பிவிடும், அதற்கு வேறு நரம்பு. மணிக்கட்டை மடக்கியே வைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடும். நேராக வையுங்கள் என்று சொல்வது அழகுக்காக அல்ல.

இது கணினியோடு வந்த நோய் என்று நினைக்கிறோம். இல்லை. இத்தாலியில் பெர்னார்தினோ ராமஸ்ஸினி என்றொரு மருத்துவர். தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் வெளியிட்டார். 1713இல் அதை விரித்தபோது எழுத்தர்களையும் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைத்துக்கொண்டே இருப்பது, பிழை வந்துவிடக் கூடாதே என்ற மனஇறுக்கம்: இந்த மூன்றும்தான் காரணம் என்றார். இறகுப் பேனா காலம் அது! இன்றைய அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து பார்த்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பார்.

அவருக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தர், வாழ்நாளெல்லாம் எழுதியே பிழைத்தவர். முதலில் வலது கை முழுக்க அசதி. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. கடைசியில் கை செயலற்றுப் போனது. மனிதர் விடவில்லை, இடது கையால் எழுதப் பழகினார். கொஞ்ச காலத்தில் அந்தக் கைக்கும் அதே நோய்!

இந்தக் கதையை நான் எங்கே போனாலும் சொல்வேன். வலது கை வலித்தால் மவுஸை இடது பக்கம் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்களே, அவர்களுக்காக. மாற்றலாம், தவறில்லை. வேலையின் அளவு குறையாமல் கையை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று அந்த எழுத்தர் காட்டிவிட்டார். எந்த கீபோர்டு நல்லது என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, எப்போது கையை எடுக்கிறீர்கள் என்றுதான்.

பழைய தட்டச்சுப்பொறியில் வரி முடிந்தால் நெம்புகோலைத் தள்ள வேண்டும், பக்கம் முடிந்தால் தாளை மாற்ற வேண்டும். வேண்டாமென்றாலும் கைக்கு வேறு வேலை வந்தது. கணினி அதையெல்லாம் நீக்கிவிட்டது. இனி நாமாகத்தான் நிறுத்த வேண்டும். வலித்த பிறகு அல்ல, வலிக்கும் முன்பே. எப்போதோ ஒரு நீண்ட ஓய்வு அல்ல, சின்னச் சின்னதாக அடிக்கடி. கடிகாரத்தில் மணி வைத்துக்கொள்ளுங்கள், வேலை மும்முரத்தில் தானாக நினைவு வராது. அந்த ஓய்வில் கைப்பேசியை எடுத்துக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருந்தால், அது கணக்கில் சேராது!

மணிக்கட்டுக்கு வைக்கும் மெத்தை தட்டாத நேரத்துக்குத்தான். அதில் அழுத்திக்கொண்டே தட்டாதீர்கள். மவுஸை எட்டிப் பிடிக்காமல் கீபோர்டை ஒட்டியே வையுங்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மடிக்கணினியைப் பற்றித் தனியாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாக, திரையை உயர்த்தி வைத்துத் தனி கீபோர்டு போட்டுக்கொள்ளுங்கள். குரலால் எழுதும் வசதியும் இருக்கிறது, நீளமாக எழுதுபவர்கள் பழகலாம். இரவில் கை மரத்துத் தூக்கம் கலைந்தாலோ, கையிலிருந்து பொருள் நழுவினாலோ, கட்டைவிரலின் அடிச்சதை வற்றினாலோ, தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வணக்கம்.