பழைய மாசி ஃபெர்குசன் டிராக்டரில் லிஃப்ட் தூக்கவில்லையா? மூடியைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

[காட்சி: வாழப்பாடிப் பக்கம் ஒரு மரவள்ளித் தோட்டம். கொட்டகை நிழலில் சிவப்பு நிற மாசி ஃபெர்குசன் 1035. பின்னால் ஒன்பது கொத்துக் கலப்பை தரையில் கிடக்கிறது.]

வணக்கம். மழை விழுந்து மண் பதமாகும் வாரத்தில்தான் பழைய டிராக்டரின் லிஃப்ட், அதாவது பின்னால் மாட்டிய கலப்பையைத் தூக்கி இறக்கும் ஏற்பாடு, சண்டித்தனம் செய்யும். பட்டறைக்குக் கொண்டுபோனால் முதலில் கிடைக்கும் பதில், “பம்பு போய்விட்டது.” உடனே மேல் மூடியைத் தூக்கி, பம்பை வெளியே எடுத்து, புதியதை மாட்டிவிடுவார்கள். பிறகும் கலப்பை இறங்கிக்கொண்டே இருக்கும். ஏனென்றால் பம்பு ஆரம்பத்திலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கும். லிஃப்ட் எப்படிக் கெடுகிறது என்பதைக் கவனித்தாலே எங்கே கெட்டிருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அதைத்தான் இன்று காட்டப்போகிறேன்.

[காட்சி: பின்புற ஹவுசிங்கின் பக்கவாட்டுத் தோற்றம்.]

முதலில் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்வோம். இந்த ஏற்பாடு பொறியாளர் ஹாரி ஃபெர்குசனுடையது. 1946-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் உற்பத்தி தொடங்கிய டி.இ.20 டிராக்டர், அதன்பின் வந்த 35, சென்னையில் டாஃபே நிறுவனம் தயாரித்த 1035 எல்லாம் ஒரே குடும்பம். பம்பு வெளியே தெரியாது. பின்புற ஹவுசிங் என்ற இரும்புப் பெட்டிக்குள் ஆயிலில் மூழ்கியிருக்கும். கியருக்கும் பின் அச்சுக்கும் ஊற்றுகிற அதே ஆயில்தான் லிஃப்டுக்கும். பம்புக்கு நான்கு பிஸ்டன்கள். பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுதான் அதையும் சுற்றுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கட்டுப்பாட்டு வால்வு. வேறு பல டிராக்டர்களில் பம்பு தள்ளிய ஆயிலை வால்வு திருப்பிவிடும். இங்கே வால்வு பம்பு உறிஞ்சும் வழியிலேயே உட்கார்ந்திருக்கிறது. தூக்க வேண்டாம் என்றால் வழியை மூடிவிடும். பம்பு வெறுமனே சுற்றும். தூக்கு என்றால் திறக்கும். ஆயில் பம்புக்குள் போய், நிற்குழாய் வழியாக மேல் மூடியில் உள்ள சிலிண்டருக்கு ஏறும். அங்குள்ள பிஸ்டன், கலப்பையைத் தாங்கும் லிஃப்ட் கைகளைத் தூக்கும். ஆகவே, பம்புக்கு ஆயில் சேரவில்லையா, சேர்ந்த ஆயில் வழியில் கசிகிறதா என்பதுதான் கேள்வி.

[காட்சி: டிப் ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி விடுகிறோம்.]

சமதளத்தில் நிறுத்தி ஆயில் அளவு பாருங்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டச் சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். டிப்பர் டிரெய்லர் இழுப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். டிரெய்லரின் ஜாக் மேலே ஏறும்போது அத்தனை ஆயிலும் இந்த ஹவுசிங்கிலிருந்துதான் போகிறது. அளவு குறைந்தால் பம்பு காற்றை இழுக்கும், ஆயில் நுரைக்கும், சத்தம் மாறும்.

ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்தாலே மழை உள்ளே இறங்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், அடியிலுள்ள வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். அடியில் தேங்கிய தண்ணீர் முதலில் வரும். அதிகம் வந்தால் முழு ஆயிலையும் மாற்றிவிடுங்கள். கையேட்டில் சொன்ன தரத்தை மட்டும் ஊற்றுங்கள். கெட்டியான ஆயில் மார்கழிக் குளிரில் பம்புக்குள் சுலபமாக ஏறாது.

அடுத்து லீவர்கள். இருக்கையின் வலப்பக்கம் இரண்டு இருக்கும். இரண்டையும் மேல்நிலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். கிளட்ச் மிதியைக் கவனியுங்கள். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் மிதித்தாலே பம்பு நின்றுவிடும். இரட்டைக் கிளட்ச்சில் பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும். முழுதும் மிதித்தால் பம்பும் நிற்கும். புதிய ஓட்டுநர்கள் மிதியில் காலை வைத்துக்கொண்டே “தூக்கவில்லை” என்பதுண்டு.

[காட்சி: கலப்பை மேலே. லிஃப்ட் கையில் சாக்பீஸ் கோடு.]

இனி முக்கியமான சோதனை. கலப்பையைத் தூக்கி, லிஃப்ட் கையில் ஒரு கோடு போடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு நில்லுங்கள். கைகள் சற்று இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, ஏறித் தலையாட்டுகின்றனவா? இப்போது எஞ்சினை நிறுத்துங்கள். கலப்பை விறுவிறுவென இறங்குகிறதா? அப்படியானால் பம்பு வேலை செய்கிறது. எங்கோ கசிவதால் கை இறங்குகிறது. இறங்கியதை இணைப்புக் கம்பிகள் வால்வுக்குச் சொல்கின்றன. வால்வு திறந்து பம்பு மறுபடி தூக்குகிறது. இந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகும் ஒருவர் கசிவைத் தேடாமலே பம்பை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பம்பு உழைத்து ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது.

கசிவு ஐந்து இடங்களில் இருக்கலாம்: சிலிண்டர் பிஸ்டனின் ரிங், சிலிண்டர் மூடியோடு சேரும் இடத்து ஓ ரிங் (ரப்பர் வளையம்), நிற்குழாயின் ஓ ரிங்குகள், பம்பின் வால்வுகள், அல்லது கட்டுப்பாட்டு வால்வு. எது என்று அறிய, வலப்பக்கத்துப் பரிசோதனைத் தட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம். சிலிண்டர் பக்கமிருந்தோ நிற்குழாயின் தலையிலிருந்தோ ஆயில் ஒழுகினால் கசிவு மேலே. மேலே எதுவும் ஒழுகாமல் கலப்பை மட்டும் இறங்கினால் பம்பு வால்வுகளையோ கட்டுப்பாட்டு வால்வையோ சந்தேகிக்க வேண்டும்.

இந்த வேலையில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது, அதனால் நின்று சொல்கிறேன். தூக்கிய கலப்பைக்கு அடியில் யாரும் போகக் கூடாது, அடியில் கனமான கட்டை முட்டுக் கொடுக்காமல் கையும் நுழையக் கூடாது. அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். துளை ஊசி முனையளவுதான் இருக்கும். வலியும் முதலில் தெரியாது. ஆனால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். கசிவை அட்டைத் துண்டு நீட்டித் தேடுங்கள். ஆயில் தோலுக்குள் போய்விட்டால் உடனே மருத்துவமனைக்குப் போய், என்ன நடந்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள். துண்டு, தளர்ந்த வேட்டியோடு பி.டி.ஓ. அருகே நிற்காதீர்கள்.

[காட்சி: லிஃப்ட் விட்டுவிட்டு ஏறுகிறது.]

கலப்பை ஒரே சீராக ஏறாமல் விட்டுவிட்டு ஏறினால், நான்கு பிஸ்டன்களில் ஏதோ ஒன்றின் வால்வு சரியாக மூடவில்லை. இங்கேதான் பம்பைக் குற்றம் சொல்வது நியாயம். காலையில் தூக்கி, வெயில் ஏறி ஆயில் சூடானபின் தூக்காவிட்டால் தேய்மானம்; ஆயில் இளகியதும் இடைவெளிகளில் நழுவிவிடுகிறது. வெறும் கைகள் ஏறி, பாரத்தோடு ஏறாவிட்டால் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். அழுத்தம் மிஞ்சினால் ஆயிலை வெளியே விடும் ரிலீஃப் வால்வும் தளர்ந்திருக்கலாம். உச்சிக்கு ஏறியபின் கீச்சென்று சத்தம் நிற்காமல் வந்தால் கட்டுப்பாட்டு வால்வு மூடவில்லை. இணைப்புகளின் அளவு தவறியிருக்கிறது. பல மாதம் சும்மா நின்ற வண்டி என்றால் அந்த வால்வே இறுகியிருக்கும். புது ஆயில் ஊற்றி, சூடேற்றி, லீவரை மேலும் கீழும் பலமுறை அசைத்தால் சில வண்டிகளில் விட்டுக்கொடுக்கும்.

உழும்போது மட்டும் ஆழம் தாறுமாறாகப் போனால் கலப்பையை மேலே டிராக்டரோடு இணைக்கும் டாப் லிங்க் கம்பி சேரும் இடத்துக் கட்டுப்பாட்டு ஸ்பிரிங்கைப் பாருங்கள். முன்னும் பின்னும் ஆடக் கூடாது. ஆடினால் மண்ணின் இழுப்பு வால்வுக்குத் தாமதமாகப் போகிறது.

[காட்சி: செயின் பிளாக்கில் தொங்கும் மேல் மூடி.]

மூடியைத் திறந்தே ஆக வேண்டுமென்றால், செயின் பிளாக் இல்லாமல் தொடாதீர்கள். முதலில் நிற்குழாயை உருவி எடுத்துவிட வேண்டும். மறந்து தூக்கினால் உடையும். திரும்ப வைக்கும்போது, மூடியிலிருந்து தொங்கும் கட்டுப்பாட்டுக் கைகள் வால்வின் லீவரோடு சரியான பக்கத்தில் சேர வேண்டும். அதைப் பக்கத்துத் திறப்பு வழியாக டார்ச் அடித்து உறுதி செய்தபின் போல்ட்டை இறுக்குங்கள். புது ஓ ரிங்குகளில் ஆயில் தடவி மாட்டுங்கள். அளவு பார்த்து ஆயில் ஊற்றி, முதலில் வெறும் கைகளைப் பலமுறை ஏற்றி இறக்குங்கள். பிறகு கலப்பையை மாட்டி, அதே இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, எஞ்சினை நிறுத்திப் பாருங்கள்.